கழிவுநீர் மீனும் பால்சுறாப் புட்டும்

கொல்கத்தா

அன்புள்ள இளமதிக்கு,

விடுதிச் சாப்பாட்டில் மீன் குழம்பு வந்த முதல் நாளே, “இது சாக்கடைத் தண்ணியில வளர்ந்த மீன்” என்று யாரோ சொல்ல, நீ தட்டை நகர்த்திவிட்டாயாம். தூத்துக்குடியில் சாளையும் நெத்திலியும் தின்று வளர்ந்தவளுக்குக் குளத்து மீன் என்றாலே மண்வாடை. அதன்மேல் சாக்கடை என்றும் சொன்னால் சோறு எப்படி இறங்கும்? உன் அம்மா இரண்டு தடவை போன் போட்டுவிட்டாள். உன்னிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

சயின்ஸ் சிட்டியைத் தாண்டி பாசந்தி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் கட்டடங்கள் குறைந்து தண்ணீர் தொடங்கும். கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம், 12,500 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002இல் ஏறிய இடம். ஹூக்ளி ஆறு நகரத்துக்கு மேற்கே ஓடினாலும் நிலம் சரிவது கிழக்கே. அதனால் நகரத்தின் கழிவுநீர் ஆற்றுப் பக்கம் போகாமல் கால்வாய்கள் வழியே இந்தப் பக்கம் வருகிறது. ஒரு காலத்தில் இங்கே வித்யாதரி ஆற்றின் உப்புநீர் ஏறி இறங்கியது. மீனும் உப்புநீர் மீன்தான். ஆறு மண்மூடிச் செத்த பிறகு, 1930 வாக்கில், கழிவுநீரை விட்டு மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்தக் குளங்களுக்கு வங்காளத்தில் பேரி என்று பெயர்.

சாக்கடையை அப்படியே திறந்துவிட்டு மீனைப் போடுவதில்லை. குளிர்காலத்தில் பேரியை வடித்து, சேற்றை வெயிலில் காயவிட்டு உழுது, சுண்ணாம்பு தூவுகிறார்கள். பிறகு கழிவுநீரை விட்டு, சில வாரங்கள் சும்மா விட்டுவிடுகிறார்கள். பேரி ஆழமில்லாதது, வெயில் அடிவரை இறங்கும். கழிவை பாக்டீரியா சிதைக்கிறது. அதில் கிடைக்கும் சத்தில் பாசி வளர்கிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜனில் பாக்டீரியா மேலும் வேலை பார்க்கிறது. கறுப்பாக வந்த தண்ணீர் பச்சையாகும். அதற்குப் பிறகுதான் ரோகு, கட்லா, மிர்கால், ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் உள்ளே போகும். அப்புறம் வரும் கழிவுநீரும் அளந்துதான். கரையோரம் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். அலை கரையை அரிக்காமல் தடுக்கும். வேரில் உலோகங்களையும் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் இங்குள்ள மீனவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. மாநில அரசுப் பொறியாளரான துருபஜ்யோதி கோஷ், நகரத்துக் கழிவுநீர் கடைசியில் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு 1980களில் இங்கே வந்தார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு வேலையை மீனவர்கள் வெயிலையும் பாசியையும் வைத்தே முடித்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் இறக்கும்வரை அவர் இதையே எழுதினார், பேசினார், சண்டையும் போட்டார். இந்த நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது என்று 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. அப்படியும் ஓரங்களில் கட்டடம் முளைக்காமல் இல்லை.

இனி உன் பயத்துக்கு வருவோம். அதில் இரண்டு பயம் கலந்திருக்கிறது.

முதலாவது கிருமி. வெயிலும் காலமும் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. மிச்சத்தைக் கொதிக்கும் குழம்பு பார்த்துக்கொள்ளும். மீன் அறுத்த பலகையில் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்காதே, அவ்வளவுதான். இரண்டாவது உலோகம். அது கொதித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. வீட்டுக் கழிவு மட்டும் வரும்வரை பேரி சமாளிக்கும். தோல் பதனிடும் பட்டறையின் குரோமியமும், பேட்டரி உடைக்கும் இடத்தின் ஈயமும் அதே கால்வாயில் கலந்தால் பாசியால் என்ன செய்ய முடியும்? தாங்க்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் தோல் பட்டறைகளை வெளியேற்றச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவை போய்ச் சேர்ந்த பான்தலாவோ இந்தச் சதுப்புநிலத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே மீன் நல்லதா கெட்டதா என்பது உன் தட்டில் முடிவாவதில்லை. நகரத்துக்குள், கால்வாயின் வாயிலேயே முடிவாகிவிடுகிறது.

குரோமியம், ஈயம் போன்றவை சதையைவிடச் செவுளிலும் ஈரலிலும்தான் அதிகம் தங்கும். இந்த ஊரில் மீன்தலை போட்டுப் பருப்பு வைப்பார்கள்; அருமையாக இருக்கும். செவுளைச் சுத்தமாக எடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்.

பாதரசத்தின் கணக்கு வேறு. அது சதையிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, அதை இன்னும் பெரியது தின்ன, ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். ஒரு ரசாயன ஆலையின் கழிவு கடலில் சேர்ந்ததால் ஜப்பானின் மினமாட்டாவில் நரம்பு நோய் பரவியது 1956இல் தெரியவந்தது. சாக்கடை என்று முகம் சுளிக்கிற நாம், கடல் மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு செய்து தருவது நம் பக்கத்து வழக்கம். உன்னைப் பெற்றபோது உன் அம்மாவும் சாப்பிட்டாள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் பட்டியலில் சுறா இருக்கிறது. நல்ல தேர்வுகள் பட்டியலில் சாளையும் நெத்திலியும் மட்டுமல்ல, ஜிலேபிக் கெண்டையும் இருக்கிறது! சிறிய சுறாவில் பாதரசம் குறைவுதான். ஆனால் சுறா மெதுவாக வளர்ந்து கொஞ்சமாகக் குட்டி போடும் இனம். குட்டியிலேயே பிடித்தால் கடலில் என்ன மிஞ்சும்? இங்கே கிடைக்கும் இலிஷ் மீனுக்கும் அதே கதிதான். 23 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கத் தடை இருந்தும் ‘கோக்கா இலிஷ்’, அதாவது குட்டி இலிஷ், சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் ரோகுவில் சுமார் 17 கிராம் புரதம். ஒமேகா-3 கொழுப்பில் சாளையோடு அது போட்டி போட முடியாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இங்கே மௌரலா என்று விரல் நீளத்தில் ஒரு பொடி மீன் கிடைக்கும். டிரினிடாடில் பிறந்த சத்துணவு அறிஞர் சகுந்தலா தில்ஸ்டெட் வங்கதேசத்தில் ஆராய்ந்தது இதைத்தான். வைட்டமின் ஏ, முள்ளோடு தின்பதால் கால்சியம் என்று ஏழைப் பிள்ளைகளுக்கு வேண்டியது அதில் இருந்தது. கெண்டைக் குளத்திலேயே அதையும் சேர்த்து வளர்க்கலாம் என்று காட்டினார். 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

சந்தையில் பேரி மீனுக்கு ஒரு தனி யோகம் உண்டு: உயிரோடு வருவது. விடியற்காலையில் அலுமினியப் பானைகளில் தண்ணீரும் மீனுமாகக் கொண்டுவருவார்கள். வழியெல்லாம் ஒருவர் உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வருவார், மீனுக்குக் காற்றுப் போக. துள்ளுகிற மீனுக்கு யார் கெடாமலிருக்க ஃபார்மலின் போடப்போகிறார்கள்? தொலைவிலிருந்து பனிக்கட்டியில் வரும் மீனுக்குத்தான் அந்தச் சந்தேகம். 2018இல் கேரளாவில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கச் சிறு காகிதப் பட்டையே தயாரித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு லேக் மார்க்கெட் வாசலுக்கு வந்துவிடு. நம் அரிவாள்மணைக்கு அண்ணன் மாதிரி ஒன்றைக் காலால் அழுத்திக்கொண்டு, மூன்று கிலோ கட்லாவை நிமிஷத்தில் துண்டு போடுகிறவரைக் காட்டுகிறேன். எந்தப் பேரி மீன் என்று அவரிடமே கேள், கூச்சப்படாதே. அப்படியே கால் கிலோ மௌரலா வாங்கலாம். நெத்திலிக்குத் தலையைக் கிள்ளுகிற மாதிரி இதைக் கிள்ளிவிடாதே. குடலை மட்டும் பிதுக்கி எடு. வைட்டமின் ஏ கண்ணில் நிறைய இருக்கிறது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு. கடுகெண்ணெய் வாடை பிடிக்காவிட்டால் வீட்டில் நல்லெண்ணெய் இருக்கிறது.

அன்புடன்,
மாமா