ஒரே புரோகிராம், இரண்டு நேரம்

பைத்தான் மொழி கற்கத் தொடங்குபவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பவற்றில் ஒன்று, மணி காட்டும் புரோகிராம். சென்னை நேரம் என்றால் சிக்கல் இல்லை. ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தைக் காட்டிலும் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும். நியூயார்க் நேரத்தையும் காட்ட முயன்றால்தான் வேடிக்கை தொடங்கும்.

அங்கு மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். இதுவே டே லைட் சேவிங் டைம். 2025 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் அதிகாலை 1.30 மணி இரண்டு முறை வந்தது! முதல் முறை சென்னையில் காலை 11 மணி. இரண்டாம் முறை பகல் 12 மணி. ஆன்லைன் நேர்முகத் தேர்வு அந்த நேரத்தில் என்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

விதியும் நிலையாக இருப்பதில்லை. அமெரிக்காவில் 2006 வரை இது ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிந்தது. 2005ல் இயற்றிய சட்டத்தால் 2007 முதல் தேதிகள் மாறின. அப்போதிருந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு விதியைத்தான் வைத்திருந்தது. புதிய விதியைப் பதிந்தால், பழைய ஆண்டுகளின் நேரத்தையும் அதைக் கொண்டே கணக்கிட்டது. லினக்ஸ், ஆண்டு வாரியான விதிகள் கொண்ட அட்டவணையைப் பயன்படுத்துகிறது. எனவே சிஸ்டத்தைக் கேட்டு நேரம் சொல்லும் புரோகிராம், இரண்டிலும் வெவ்வேறு விடை தந்தது.

2020ல் வந்த பைத்தான் 3.9 பதிப்பில் இதற்கு ஸோன்இன்ஃபோ என்ற லைப்ரரி சேர்க்கப்பட்டது. இது லினக்ஸ் பயன்படுத்தும் அதே அட்டவணையை எல்லா சிஸ்டங்களிலும் நாடுகிறது. என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் உடனே இயங்கியது. விண்டோஸிலோ, "அமெரிக்கா/நியூயார்க்" என்ற பகுதியே இல்லை என்று எர்ரர் வந்தது. விண்டோஸ் அந்த அட்டவணையைத் தருவதில்லை. நியூயார்க் பகுதிக்கு அது வைத்திருக்கும் பெயரே ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்தான். கோடையிலும் அதே பெயர்!

தீர்வு எளிது. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிப் இன்ஸ்டால் டீஇஸட்டேட்டா என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். அட்டவணை இறங்கிவிடும். அவ்வப்போது அப்டேட் செய்வதும் அவசியம். 2022ல் மெக்சிகோ தன் பெரும்பாலான பகுதிகளில் இந்த முறையையே கைவிட்டது. பழைய அட்டவணை இருந்தால், கோடையில் உங்கள் புரோகிராம் அங்கு ஒரு மணி நேரம் தவறாகக் காட்டும்.

இரண்டு முறை வரும் 1.30ஐப் பிரித்தறிய ஃபோல்ட் என்ற குறியீடு உள்ளது. 0 தந்தால் முதலாவது, 1 தந்தால் இரண்டாவது. 2025 நவம்பர் 2, 1.30 மணியை இரண்டு விதமாகவும் தந்து சென்னை நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். 11, 12 என வந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக அமைந்துள்ளது.