முப்பதாம் நம்பர் நூலும் மூன்று வருடச் சந்தாவும்

திருப்பூரில் ஒரு கல்விச் செயலி தேறுமா தேறாதா என்பது அது ஓ.டி.பி. கேட்கும்போதே பாதி தெரிந்துவிடும். பதிவு செய்த எண் அம்மாவுடையது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். பல கம்பெனிகளில் வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடுவதில்லை. வீட்டில் அக்காவின் பழைய போனோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்த ஆறு இலக்கம் வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து அம்மா வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் போனில் எவ்வளவு படிப்பு நடக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆசிரியர் பயிற்சிகளில் இணையதளங்களை மதிப்பிட ஒரு பட்டியல் தருவார்கள். புதியதா, பொருத்தமானதா, எழுதியவர் யார், தகவல் சரியா, நோக்கம் என்ன என்று ஐந்து கேள்விகள். கலிஃபோர்னியாவில் சிகோ பல்கலைக்கழக நூலகத்தில் 2004இல் உருவான பட்டியல் அது; உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. இந்த ஊரில் பிள்ளைகளோடு போனும் கையுமாக உட்கார்ந்து பார்த்த ஆசிரியர்கள் அதற்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேட்கிறார்கள். லாகின் இல்லாமல் திறக்குமா? வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாமா? அப்பா பாதியில் போனை வாங்கிக்கொண்டால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குமா? இதில் தோற்கிற செயலி எத்தனை அருமையான பாடத்தை வைத்திருந்தாலும் பிச்சம்பாளையத்து ஒற்றை அறை வீட்டில் எடுபடாது.

அடுத்தது பாடத்திட்டம். யூடியூபில் பத்தாம் வகுப்புக் கணிதம் என்று தேடினால் வீடியோக்கள் வந்து கொட்டும். அவற்றைத் திறக்கும் முன் ஏற்றிய தேதியைப் பார்த்தால் போதும். தமிழகப் பாடநூல்கள் 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், 2019இல் பத்தாம் வகுப்பு உள்ளிட்ட மற்றவற்றுக்கும் மாறின. அதற்கு முந்தைய வீடியோ பழைய புத்தகத்துக்கானது. சூத்திரம் மாறாது, உண்மைதான். ஆனால் பயிற்சி எண்ணும் பாட வரிசையும் மாறியிருக்கும். ஏற்கெனவே தடுமாறுகிற பிள்ளை அதிலேயே தொலைந்துவிடும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வீடியோக்களும், 2023இல் வந்த மணற்கேணி செயலியும் இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தன. மணற்கேணியைத் தயாரித்தது பாடநூலை எழுதிய அதே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம்.

பாடத்திட்டம் பொருந்திவிட்டால் மட்டும் போதுமா? புத்தகத்தை ஒருவர் வாசித்துக் காட்டுகிற வீடியோவும் பாடத்திட்டத்துக்குப் பொருந்தத்தான் செய்யும். கரும்பலகையால் முடியாத எதை இந்தக் கருவி செய்கிறது என்று பார்க்க வேண்டும். புதிய கணிதப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் பல இடங்களில் ஜியோஜீப்ரா திறக்கும். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து மாணவர் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தை அதில் திறந்து, x வர்க்கத்தின் கெழுவை விரலால் இழுக்கச் சொல்லுங்கள். எண் சிறுக்கச் சிறுக்கக் கிண்ணம் விரிகிறது. பூஜ்யத்தில் ஒரே நேர்க்கோடு. அதைத் தாண்டினால் கிண்ணம் கவிழ்கிறது. பென்சிலால் புள்ளி வைத்து வரைந்தால் ஒரு பீரியடில் ஒரு வளைவுதான் தேறும். இங்கே அரை நிமிடத்தில் நூறு வளைவு. “ஏன் சார் நடுவுல கோடாயிருச்சு?” என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்டுவிட்டால் அந்தக் கருவி தேறிவிட்டது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய, திரையில் செய்து பார்க்கும் ‘ஃபெட்’ செய்முறைகளும் அந்த ரகம். பல செய்முறைகள் தமிழிலும் இந்தியிலும் கிடைக்கின்றன. பீகாரிலிருந்து வந்து நம் ஊர் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை வகுப்பில் தமிழில் பார்த்ததை வீட்டில் அப்பாவுக்கு இந்தியில் காட்டலாம்.

தகவலை எடைபோடப் பழகுவதற்கோ, திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நொய்யல் ஆற்றை விட்டால் வேறு நல்ல பாடம் கிடையாது. ‘நொய்யல் மாசு’ என்று புராஜெக்ட் கொடுத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் சாய ஆலைகள் எல்லாம் மூடிக்கிடக்கும். இன்னொன்றில் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாது. மூன்றாவதில் ஆறே செத்திருக்கும். மூவரும் இணையத்தில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதல் நோட்டின் கதை எளிது. 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நாட்களின் செய்தி, தேதி உதிர்ந்துபோய் ஏதோ ஒரு தளத்தில் இன்றும் கிடக்கிறது. தேதியில்லாத பக்கத்தை நம்பாதே என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. “எதுத்த வீட்டு மாமா இன்னிக்குக் காலைல சாயப்பட்டறைக்குப் போனாரா இல்லையா?” என்று கேட்டால் போதும். இரண்டாவது நோட்டுக்காரர் பார்த்தது சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கம்பெனியின் தளம். மூன்றாமவர் ஒரத்துப்பாளையம் அணையின் பழைய படங்களைப் பார்த்துவிட்டு எழுதியவர். அணையில் சாயக் கழிவு தேங்கியதும் நிலம் பாழானதும் நடந்தவைதான், ஆனால் படம் எடுத்த ஆண்டு எது?

ஆதாயம் உள்ளவர் சொல்வதெல்லாம் பொய் என்று பிள்ளைகள் சட்டென்று முடிவுகட்டிவிடுவார்கள். அதுவும் தப்பு. சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்பதை இயந்திரம் விற்பவரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. ஆற்றின் இன்றைய நிலையை அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நீதிமன்ற உத்தரவை ‘இந்தியன் கானூன்’ தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆங்கிலம் கடினம்தான். ஆனால் தேதியையும் கடைசிப் பக்கத்து உத்தரவையும் ஆசிரியர் துணையோடு படித்துவிட முடியும்.

ஒரே பக்கத்தை உற்று உற்றுப் பார்ப்பதால் உண்மை தெரியாது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ருவும் 2017இல் வெளியிட்டது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் என 45 பேரிடம் சில தளங்களைக் காட்டினார்கள். படித்த மேதைகளில் பலரே நல்ல லோகோவுக்கும் கௌரவமான பெயருக்கும் மயங்கினார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். கணினியில் இது எளிது. போனிலோ திறந்த டேப் எல்லாம் ஒன்றின் பின் ஒன்று மறைந்துகொள்ளும். ஆகவே புதிய டேப் திறப்பது எப்படி என்பதையே ஒரு வகுப்பாக எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாமா என்று நினைக்கலாம், எடுத்துப் பார்த்தால் தெரியும்.

இப்போது பல பிள்ளைகள் கூகுளைத் தாண்டி ஏ.ஐ.யிடம் போய்விட்டார்கள். அது தயங்காமல் பேசும், அதுதான் சிக்கல். அதற்கு இங்கே எடுபடுகிற வைத்தியம், விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்பது. முப்பதாம் நம்பர் நூல் தடிமனா, நாற்பதாம் நம்பரா? நம்பர் கூடக்கூட நூல் மெலியும் என்பது இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய எண்ணைப் பார்த்துத் தடிமன் என்று சொல்கிற கருவியை அங்கேயே பிடித்துவிடலாம். கொடிகாத்த குமரன் பிறந்த ஊர் எது என்று கேட்கலாம். 1904இல் சென்னிமலையில் பிறந்து 1932 ஜனவரி 11 அன்று மறைந்தவர் அவர். நான் பார்த்தவரை, ஆங்கிலத்தில் சரியாகச் சொல்கிற கருவியே தமிழில் கேட்டால் சில நேரம் வேறு கதை சொல்கிறது. இரண்டிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கணக்குக்கு ஜி.எஸ்.எம். கட்டரைவிட நல்ல சோதனை இல்லை. அந்த வட்டக் கத்தியைத் துணிமேல் வைத்துத் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வரும். தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். ஏன் நூறால் பெருக்குகிறோம்? ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அந்த வட்டத்தின் ஆரம் என்ன? ஏறக்குறைய 5.64 சென்டிமீட்டர். இதைக் கருவியிடம் கொடுத்து, விடையை மட்டுமல்ல, படிகளையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு படியையும் பிள்ளை ரஃப் நோட்டில் போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். இரண்டு முறை ஒத்துப்பார்த்தவர்கள் மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிப்பது குறைகிறது.

அரசுச் செயலி என்றால் கேள்வியே வேண்டாம் என்றும் இருந்துவிட முடியாது. 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளின் 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது அளவுக்கு மாணவர்களின் தனித்தகவலுக்கு ஆபத்து விளைவித்தன. மத்திய அரசின் தீக்ஷா செயலியில் சேர்ந்திருந்த லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்ததை 2023 ஜனவரியில் வயர்ட் இதழ் வெளியிட்டது. அதற்காகத் தீக்ஷாவை ஒதுக்க வேண்டாம், பாடங்கள் நல்லவை. ஆனால் கணக்குச் சொல்லித்தரும் செயலிக்கு நம் இருப்பிடமும் கான்டாக்ட் பட்டியலும் எதற்கு? கேட்டால் ‘வேண்டாம்’ அழுத்திவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பாடம் ஓடத்தான் செய்யும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதம் அம்மா படிக்காமல் தட்டுகிற ஒரு டிக்காகப் போய்விடக் கூடாது.

கடைசியில் காசு. சனிக்கிழமை சம்பளம் வரும் ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும், உங்கள் பையனிடம் திறமை இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். 2020இல் கோடிங் வகுப்பு விற்ற ஒயிட்ஹேட் ஜூனியர் விளம்பரங்களில் கூகுளில் கோடிச் சம்பளத்துக்குச் சேர்ந்ததாகக் காட்டப்பட்ட சிறுவன் கற்பனைப் பாத்திரம். அந்த நிறுவனத்தை வாங்கிய பைஜூஸ், 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்டது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்ல வேறு காரணம் தேவையில்லை. மாதா மாதம் கட்டலாம், இலவச அலகு ஒன்றைப் பிள்ளை முழுதாக முடித்த பிறகு கட்டலாம். கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் இத்தகைய நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி தர வேண்டாம் என்று எச்சரித்தது. தந்துவிட்டவர்கள், செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டால் பிடித்தம் நின்றுவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். நிற்காது. யு.பி.ஐ. செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய், அந்தப் பெயரைத் தேடி, ரத்து செய்ய வேண்டும்.