முழுத்திரையின் பூர்வோத்தரம்

கேள்வி: இருபது, இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பு ஆசையோடு விளையாடிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் புதிய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால், ஒன்று திரையின் நடுவில் சிறுத்துப்போய் நிற்கிறது, ஒன்று திரையை மீறிப் பெருத்து ஓரங்கள் தெரியாமல் போகிறது, இன்னொன்று திரையைக் கறுப்பாக்கிவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் இவையெல்லாம் தாமாகவே திரை நிறைய வந்தனவே! முழுத்திரை என்ற இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது? இப்போது ஏன் கெட்டது? பரிகாரம் உண்டா?

பதில்: ஆதியில் முழுத்திரை என்று தனியாக ஓர் ஏற்பாடு இருந்ததில்லை, திரையைப் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கமே தோன்றாத காலத்தில் அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களில் டாஸ் ஆட்சி செலுத்திய நாட்களில் ஒரு சமயத்தில் ஒரே புரோகிராம்தான் ஓடும் என்பதால், விளையாட்டைத் தொடங்கிய கணம் முதல் அதை விட்டு வெளியே வரும் கணம் வரையில், நினைவகம், விசைப்பலகை, ஒலி, திரை என்று யந்திரம் முழுவதும் அந்த விளையாட்டுக்கே உரிமையாக இருந்தது. 1987-ஆம் ஆண்டில் பிஎஸ்/2 என்னும் புதிய வரிசையோடு ஐபிஎம் நிறுவனம் விஜிஏ என்ற சித்திர அமைப்பை வெளியிட்டபோது, அதில் இருந்த பல முறைகளுள் 320 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் 256 வர்ணங்களும் கொண்ட முறையே விளையாட்டு அமைப்பவர்களுக்கு மிகவும் உவப்பாக இருந்தது. காரணம் மிக எளியது: மொத்தம் 64,000 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பைட், அக்காலத்து இன்டெல் செயலி ஒரே வீச்சில் கையாளக்கூடிய 65,536 பைட்டுகள் கொண்ட பகுதிக்குள் முழுச் சித்திரமும் அடங்கிவிட்டது. யாரிடமும் அநுமதி கேளாமல் அந்த நினைவகப் பகுதியில் எண்களை எழுதினால், அடுத்த கணமே அவை கண்ணாடியில் வர்ணப் புள்ளிகளாகப் பிரகாசித்தன. ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக ஜோர்டன் மெக்னர் 1989-இல் படைத்து, மறு வருஷம் டாஸுக்கு வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வும், 1993 டிசம்பரில் வெளிவந்து உலகத்தையே ஆட்டிவைத்த 'டூம்' என்னும் விளையாட்டும் இந்த 320-க்கு 200 என்ற சிறு களத்தில்தான் நடந்தன.

விண்டோஸ் பரவியபோது இந்த ஏகபோகம் பறிபோயிற்று. பல புரோகிராம்கள் ஒரே திரையில் பக்கத்தில் பக்கமாக இருக்க வேண்டுமென்றால், எவரும் திரையை நேரே தொடக்கூடாது, யாவரும் விண்டோஸிடம் சொல்லித்தான் வரைய வேண்டும் என்ற நியதி அவசியமாயிற்று. அந்த நியதியின் மந்த கதியைக் கண்ட விளையாட்டு அமைப்பவர்கள் டாஸை விட்டு வர மறுத்தார்கள். அவர்களை இழுப்பதற்காக 1994-இல் மைக்ரோசாஃப்ட் அளித்த விங்-ஜி என்னும் சாதனத்தை நம்பி, அவ்வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிவந்த டிஸ்னியின் 'லயன் கிங்' கதைத் தட்டு, பல வீடுகளில் ஓடாமல் நின்று பெரும் மனஸ்தாபத்துக்கு இடமாயிற்று. அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் ஆகிய மூவர் முன்னின்று உருவாக்கி, விண்டோஸ் 95 வெளிவந்த மறு மாதமே, அதாவது 1995 செப்டம்பரில், வெளிவந்த டைரக்ட் எக்ஸ் தொகுப்பே இந்தச் சிக்கலுக்கு மெய்யான விடையாக அமைந்தது. அதன் அங்கமான டைரக்ட் டிராவிடம் ஒரு விளையாட்டு இரண்டு வரங்களைக் கேட்கலாம்: திரை முழுவதையும் எனக்குப் பிரத்தியேகமாகக் கொடு என்பது ஒன்று, திரையின் அளவையே 640-க்கு 480 என்று நான் விரும்பியபடி மாற்று என்பது மற்றொன்று. கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டே தனிக்குடித்தன உரிமையை அநுபவிப்பது போன்ற ஏற்பாடு இது. தாங்கள் கேட்கும் முழுத்திரையின் ஜன்மம் இங்கேதான். 1997-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' முதலிய விளையாட்டுகள் யாவும் இந்த உரிமையை நம்பியே எழுதப்பட்டவை.

அந்த நம்பிக்கைக்கு இரண்டு ஆதாரங்கள் இருந்தன; இரண்டும் பிற்காலத்தில் சரிந்துவிட்டன என்பதுதான் தங்கள் கேள்வியின் இரண்டாம் பாகத்துக்கு விடை. முதல் ஆதாரம், கண்ணாடிக் குழாய் மானிட்டர். அதனுள்ளே எலெக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிச் சித்திரம் தீட்டியதால், 480 கோடுகள் வேண்டுமென்றால் 480, 768 வேண்டுமென்றால் 768 என்று கதிரின் ஓட்டத்தை மாற்றிக்கொண்டு, எந்த அளவையும் அதே கண்ணாடியில் நிறைவாகக் காட்ட அதனால் முடிந்தது. இப்போதைய தட்டைத் திரையிலோ, தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட பிக்சல்கள் இத்தனை என்று நிர்ணயமாகிவிட்டன. மடிக்கணினிகளில் வெகு காலம் வழங்கிய 1366-க்கு 768 திரையில் 640-க்கு 480 சித்திரம் வந்து சேர்ந்தால், யாராவது அதைப் பெரிதாக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் அது நடுவில் சிறுத்தே நிற்கும். இரண்டாம் ஆதாரம், கேட்டவுடன் திரையை விட்டுக்கொடுத்த விண்டோஸ். 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவிலிருந்து, ஒவ்வொரு புரோகிராமும் கண்ணுக்குத் தெரியாத தனித் தாளில் வரைய, டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற நிர்வாகி அத்தாள்கள் அனைத்தையும் ஒன்று சேர்த்துத் திரைக்கு அனுப்பும் முறை ஏற்பட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அந்த நிர்வாகியை நிறுத்தி வைக்கும் வழியும் மூடப்பட்டு, 256 வர்ண முறையும் 16 பிட் முறையும் வெறும் பாவனையாக மாத்திரம் நீடித்தன. ஆகவே விளையாட்டில் பழுது ஒன்றும் இல்லை. அது வழக்கம்போல் வரம் கேட்கிறது, கொடுப்பவர்தாம் இல்லை.

பரிகாரம் என்பது, கொடுப்பவரைப் போல நடிக்கும் ஒருவரை இடையில் அமர்த்துவதே. முதலில் விண்டோஸிலேயே உள்ள உபாயத்தைப் பார்க்கலாம். விளையாட்டின் ஐகான்மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தைத் திறந்தால், 640-க்கு 480 அளவில் ஓடச் செய்யும் கட்டம் ஒன்று இருக்கும். திரையைக் கறுப்பாக்கிவிட்டு மூடிக்கொள்ளும் விளையாட்டுகளுள் சில, அளவை மாற்றும் தருணத்தில்தான் தடுமாறுகின்றன என்பதால், திரையை முன்கூட்டியே அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அவை அமைதியாக ஓடும். அதே பக்கத்தில், விண்டோஸ் 10 காலத்தில் சேர்ந்த ஃபுல் ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன் என்பதை நிறுத்தும் கட்டமும் உண்டு. ஆட்டத்தின் நடுவே திரை மினுக்குவதும், ஆல்ட்-டேப் அழுத்திவிட்டுத் திரும்பினால் வெறும் கறுப்பு தெரிவதும் சில சமயம் அதனால் நிவர்த்தியாகும். திரையை மீறிப் பெருத்து ஓரங்கள் தெரியாமல் போகும் விளையாட்டின் வியாதி முற்றிலும் வேறு: எழுத்துகள் பெரிதாகத் தெரியவேண்டும் என்று திரையை 125 அல்லது 150 சதவீதமாக வைத்திருக்கிறோம், அந்த வழக்கம் அறியாத பழைய விளையாட்டுக்கு விண்டோஸ் சொல்லும் அளவு ஒன்று, உண்மையில் திரைக்குள்ள அளவு வேறொன்று. அதே பக்கத்திலுள்ள ஹை டிபிஐ அமைப்பைத் திறந்து, அளவு மாற்றும் பொறுப்பை 'அப்ளிகேஷன்' வசம் விட்டுவிட்டால் ஓரங்கள் மறுபடி உள்ளே வந்துவிடும்.

இவை பலிக்காதபோது, ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வழங்கும் இடையீட்டுக் கோப்புகளை நாடவேண்டும். இந்த விஷயத்தில் என் மனத்தில் மிகுந்த மரியாதையை விளைவித்தவை இவையே. டைரக்ட் டிரா என்பது டிடிரா.டிஎல்எல் என்ற பெயருள்ள கோப்பாக விண்டோஸில் இருக்கிறது. ஒரு விளையாட்டு அந்தக் கோப்பைத் தேடும்போது, விண்டோஸின் பொது அறைக்குப் போகுமுன் தன் சொந்த ஃபோல்டரிலேயே முதலில் தேடும் என்ற விதியைப் பயன்படுத்திக்கொண்டு, அதே பெயரில் வேறொரு கோப்பை அங்கே வைத்துவிட்டால், விளையாட்டு தன் கோரிக்கைகளை அதனிடம் ஒப்படைத்துவிடும். டிஜிவூடூ 2, சிஎன்சி-டிடிரா முதலியவை இவ்வண்ணம் பணி செய்பவை: 640-க்கு 480 திரை கிடைத்துவிட்டது என்று விளையாட்டுக்கு உறுதி சொல்லிவிட்டு, அது வரைந்த சித்திரத்தை வாங்கி, இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும் பாஷையில் மாற்றி, திரைக்கு ஏற்றபடி விஸ்தரித்துக் காட்டுகின்றன. 2019-இல் 'டயாப்லோ'வைப் புதிய கம்ப்யூட்டர்களுக்காக மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்த ஜிஓஜி நிறுவனமும் இவ்வகை இடையீட்டையே கையாண்டது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பிறர் எழுதிய இத்தகைய கோப்பைப் படைத்தவரின் இருப்பிடத்திலிருந்தே பெறவேண்டும், கண்ட கண்ட இடங்களில் கிடைப்பதை விளையாட்டின் ஃபோல்டரில் வைப்பது கம்ப்யூட்டருக்கு ஆபத்து.

டாஸ் விளையாட்டுகளுக்கோ இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2002 முதல் வளர்ந்துவரும் டாஸ்பாக்ஸ், பழைய யந்திரத்தையே பாவனையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. அதில் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை வரும். வந்தும் சித்திரம் சிறுத்தே நின்றால், அமைப்புக் கோப்பில் அவுட்புட் என்ற வரியில் சர்ஃபேஸ் என்றிருப்பதை ஓபன்ஜிஎல் என்றும், ஃபுல் ரெசல்யூஷன் என்ற வரியை டெஸ்க்டாப் என்றும் மாற்றவேண்டும். சர்ஃபேஸ் முறைக்குச் சித்திரத்தைத் திரையளவுக்கு விரிக்கும் சக்தி இல்லை.

கேள்வி: ஸ்டார்கிராஃப்ட் திரை நிறைய வருகிறது. ஆனால் புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிகிறதே, இது கிராஃபிக்ஸ் கார்டின் கோளாறா?

பதில்: அல்ல. 256 வர்ண முறையில் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே சுமப்பதில்லை. ஓர் எண்ணை மாத்திரம் சுமக்கிறது. அந்த எண்ணுக்கு உரிய நிறம் எது என்பதைத் தெரிவிக்கும் 256 வரி அட்டவணை தனியாக வைக்கப்பட்டிருக்கும். ஓடுகிற தண்ணீரும் எரிகிற தீயும் அக்காலத்து விளையாட்டுகளில் அவ்வளவு உயிரோடு அசைந்ததற்குக் காரணம், சித்திரத்தைத் தொடாமல் அட்டவணையை மட்டும் சுழற்றிய சாமர்த்தியமே. ஆனால் விண்டோஸும் தன் ஜன்னல் ஓரங்களுக்கும் பொத்தான்களுக்கும் அந்த அட்டவணையில் 20 இடங்களை ஒதுக்கிக்கொள்ளும் வழக்கமுடையது. விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில், விளையாட்டு அட்டவணையைத் தன் வசம் வைத்திருக்கும்போதே டெஸ்க்டாப்பை நிர்வகிக்கும் எக்ஸ்ப்ளோரர் குறுக்கிட்டுத் தன் நிறங்களைப் புகுத்திவிட, எண்கள் சரியாக இருந்தும் நிறங்கள் பிறழ்ந்துபோயின. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாடியதும், திரை அளவை மாற்றும் ஜன்னலைப் பின்னால் திறந்தே வைத்துக்கொண்டு விளையாடியதும் அக்காலத்து விளையாட்டுப் பிரியர்கள் கண்ட கைவைத்தியங்கள், இரண்டும் பலித்தன. இப்போது தங்களுக்கு அந்த அவஸ்தை வேண்டியதில்லை. 2017-இல் பிளிசார்ட் நிறுவனம் பழைய ஸ்டார்கிராஃப்டை இலவசமாக்கி, புதிய விண்டோஸுக்கு இசைவாகத் திருத்தியும் கொடுத்துவிட்டது. அந்தப் பதிப்பைப் போட்டுக்கொள்வதே உசிதம். அத்தகைய திருத்தம் கிடைக்காத 256 வர்ண விளையாட்டுகளுக்கு மேலே சொன்ன டிடிரா இடையீடு பொருந்தும். அது அட்டவணையைத் தன்னிடமே வைத்துக் காப்பதால் வேறு எவரும் அதில் கை வைக்க முடியாது.

கேள்வி: பழைய விளையாட்டை அகலத் திரையில் ஓரம் விடாமல் நிரப்புவது நல்லதா? என் மகன் அப்படித்தான் வைத்திருக்கிறான். உருவங்கள் பருத்துத் தெரிகின்றன.

பதில்: என் அபிப்பிராயத்தில் அது கூடாது. அந்தச் சித்திரங்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதமுள்ள திரைக்காக வரையப்பட்டவை. அந்த விகிதம் கம்ப்யூட்டரில் பிறந்ததும் அன்று. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 1890-களின் தொடக்கத்தில் சினிமாப் படச்சுருளை உருவாக்கிய வில்லியம் டிக்சன், ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அங்குல அகலமும் முக்கால் அங்குல உயரமும் வகுத்துக்கொண்டார். அது சினிமாவிலிருந்து டெலிவிஷனுக்கும், டெலிவிஷனிலிருந்து கம்ப்யூட்டர் மானிட்டருக்கும் வம்ச பரம்பரையாக வந்து சேர்ந்தது. இப்போது வழங்கும் பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதம் 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற எஞ்ஜினியர், பழைய டெலிவிஷன் சட்டத்துக்கும் மிக அகன்ற சினிமாச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சமரசமாகக் கண்டது. பழைய விகிதத்துக்கு வரைந்ததைப் புதிய விகிதத்தில் இழுத்து நிரப்பினால், அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. வட்டமாக வரைந்த கேடயம் முட்டையாகிவிடுகிறது. அதை வரைந்த கலைஞனுக்கு இழைக்கும் அநீதி என்றே இதைக் கருதுகிறேன். இரு மருங்கும் தெரியும் கறுப்புப் பட்டை, குறை அல்ல.

கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் விகிதத்தைக் காக்கும் தேர்வு இருக்கிறது; மகனைக் கொண்டே அதைப் போடச் சொல்லுங்கள். டாஸ் விளையாட்டு என்றால் இன்னும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. 320-க்கு 200 என்பது நான்குக்கு மூன்று ஆகாது. அந்நாளைய மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக நின்றது. இன்றைய சதுரப் பிக்சலில் அதை அப்படியே வைத்தால் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் இளவரசனும் குள்ளமாகிவிடுவான். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று மாற்றினால் அவன் தன் உயரத்தை அடைவான்.

கூர்மையில் கவலையுள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 1080 கோடுள்ள திரையில் 480 கோடுகளை நிரப்புவதென்றால் இரண்டேகால் மடங்கு பெருக்க வேண்டும். கால் பிக்சலைக் காட்ட வழியில்லாததால் ஓரங்கள் மங்குகின்றன. மாறாக, முழு மடங்காக இரண்டால் மட்டும் பெருக்கி 1280-க்கு 960 என்று நிறுத்தினால், பக்கங்களில் 320 பிக்சலும் மேலும் கீழும் 60 பிக்சலும் கறுப்பாக ஒதுங்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் வரைந்தவன் வைத்த இடத்தில் கூர்மையாக நிற்கும். இன்டெலும் என்விடியாவும் 2019-இல் இந்த முழு மடங்கு முறையைத் தங்கள் புதிய கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கான டிரைவரிலேயே சேர்த்துவிட்டன. அதற்கு முந்திய சில்லு உள்ளவர்கள் சிஎன்சி-டிடிராவில் அதையே செய்துகொள்ளலாம்.