கேபினட்டில் பூட்டும் முன்

திருவனந்தபுரத்தில் பழவங்காடி, சாலைக் கடைத்தெரு பக்கம் போய்ப் பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: எதையும் கேபினட்டில் திருகும் முன் மேசைமேல் வைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாம் பூட்டி முடித்தபின் டிஸ்ப்ளே வராவிட்டால் சந்தேகம் எல்லாப் பொருள்மீதும் விழும், கேபினட் உட்பட. போர்டின் துளைக்கு நேரில்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று நின்றால் போதும், அது அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். பவர் பட்டனின் வயர் பழுதென்றாலும் நல்ல போர்டு செத்ததுபோலத்தான் கிடக்கும். மேசையில் ஓடியது உள்ளே ஓடவில்லையென்றால் பூட்டிய விதத்தையே முதலில் பார்க்கலாம்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வையுங்கள். ஆன்டி-ஸ்டாட்டிக் உறைமேல் வேண்டாம். அதன் மேற்பரப்பு ஓரளவு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிள், பிராசசருக்கான 8 பின் கேபிள், இவ்வளவே போதும். இன்டெல்லின் எஃப் வகை போலக் கிராஃபிக்ஸ் இல்லாத பிராசசர் என்றால் கார்டும் தேவை. பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் இணைத்தால் ஆன் ஆகும். அங்கே இருப்பது சில வோல்ட்தான். 230 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடிக்குள்ளேயே நின்றுவிடும். டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையிலேயே நிற்கும். பயந்து அணைத்துவிடக் கூடாது.

புதுப் பொருள்தானே, எதற்கு இரட்டை வேலை என்பார்கள். பெரும்பாலும் புதுப் பொருள் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இது இரட்டை வேலையே இல்லை: மேசையில் பொருத்திய பிராசசரும் ராமும் கூலரும் போர்டோடு அப்படியே கேபினட்டுக்குள் போகின்றன. ஸ்டாட்டிக் பற்றிய அச்சம் இதைவிட நியாயமானது. திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் அது குறைவு என்றாலும், ஏசி அறையில் காற்று உலர்ந்திருக்கும். எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில் எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகி, ஸ்விட்சை அணைத்து வைத்து, அதன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரம்பு உண்டு. பயாஸில் ராமின் அளவும் எஸ்எஸ்டியின் பெயரும் தெரிவதால் எல்லாம் நலம் என்றாகாது. ராமில் ஒளிந்திருக்கும் பிழையைப் பிடிக்க மெம்டெஸ்ட்86+ போன்ற நிரலை இரவு முழுக்க ஓடவிட வேண்டும். பழுது தெரிந்தால் ராமை ஒவ்வொன்றாக ஸ்லாட் மாற்றிப் பாருங்கள். ‘டிஸ்ப்ளே இல்லை’ என்று மொத்தமாகக் கொண்டுபோகிறவரைவிட, ‘இந்த ராம் மட்டும் எந்த ஸ்லாட்டிலும் எடுக்கவில்லை’ என்று சொல்பவருக்குக் கடைக்காரர் சீக்கிரம் மாற்றித் தருவார்.