ஒரு நொதி நீங்கினால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூருவின் முதியவர்கள் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றே வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், நாகலிங்கம் ரவி சுந்தரேசன் என்னும் விஞ்ஞானியின் குழுவினர், சர்டுயின் எனப்படும் நொதிக் குடும்பத்தையும், அது குன்றும்போது இருதயம் முதலிய அவயவங்களுக்கு நேரும் கேடுகளையும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து வருகிறார்கள். பாலூட்டிகளிடம் உள்ள ஏழு சர்டுயின்களில் ‘சர்ட்-3’ என்பது உயிரணுவுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியாவில் உறைவது. புரதங்களின்மேல் ஏறிக்கொள்ளும் அஸிட்டைல் என்ற சிறு ரசாயனத் தொகுதியை அகற்றி, அவற்றின் செயலைச் சீர்ப்படுத்துவது அதன் பிரதான காரியம். இந்த ஒரு நொதியை எலி இழந்துவிட்டால் அதன் திசுக்களில் ஜீன்களின் செயல் என்ன ஆகிறது என்ற விஷயத்தில், கற்றவர்களிடையேயும் சில தவறான அபிப்பிராயங்கள் நிலைபெற்றிருக்கின்றன.

நம்பிக்கை: மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளுக்குரிய ஜீன்களும் அங்கேயே இருக்கின்றன, ஆகவே அவை தாய்வழியாகவே வருகின்றன.

உண்மை: மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு என்பதும், அது தாயிடமிருந்தே வருகிறது என்பதும் மெய்யே. இந்த நம்பிக்கை பிறந்ததும் அதிலிருந்துதான். ஆனால் அந்த டி.என்.ஏ.வில் இருப்பவை 37 ஜீன்கள். அவற்றுள் புரதத்துக்கு விதி வகுப்பவை 13 மட்டுமே. அங்கே பணிபுரியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏனைய புரதங்களுக்குரிய ஜீன்கள் நியூக்ளியஸில்தான் உள்ளன. சர்ட்-3-இன் ஜீன் எலிக்கு ஏழாவது குரோமோசோமிலும் மனிதனுக்குப் பதினொன்றாவது குரோமோசோமிலும் அமைந்து, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதியாக வந்து சேருகிறது. இந்நொதி அறவே இல்லாத எலி வேண்டுமானால் இரண்டு பிரதிகளையும் செயலற்றவையாக்க வேண்டும்.

நம்பிக்கை: மைட்டோகாண்ட்ரியா சக்தியை உண்டாக்கும் இடம் மட்டுமே, அங்கே ஏற்படும் குறை நியூக்ளியஸின் ஜீன்களைத் தீண்டாது.

உண்மை: சுந்தரேசன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மகேஷ் குப்தாவின் குழுவில் இருந்தபோது 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதற்குத் தக்க மறுப்பாகும். சர்ட்-3 உள்ள இருதய உயிரணுக்களில் ஃபாக்ஸோ-3ஏ என்னும் புரதம் ஊக்கம் பெற்று, நியூக்ளியஸில் மாங்கனீசு சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், காட்டலேஸ் என்ற இரு நொதிகளின் ஜீன்களைத் தூண்டுகிறது. தீங்கு செய்யும் ஆக்ஸிஜன் வகைகளை அழிப்பவை அவ்விரண்டும். அவற்றுள் முன்னது, நியூக்ளியஸின் ஆணைப்படி உருவாகி, மீண்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே சென்று வேலை செய்வது என்பதைக் கவனித்தால், மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நியூக்ளியஸுக்கும் இடையே நடப்பது ஒருவழிப் போக்கன்று என்பது விளங்கும். சர்ட்-3 நீங்கும்போது இந்தக் காப்பு தளர்கிறது; ஆக்ஸிஜன் வகைகள் பெருகுகின்றன; அவற்றால் ராஸ் என்னும் புரதம் கிளர்ந்தெழ, அதன் தொடர்ச்சியாகக் காட்டா-4, என்ஃபேட் ஆகிய புரதங்கள் நியூக்ளியஸில் இருதயத் தசையைப் பருக்கச் செய்யும் ஜீன்களை முடுக்கிவிடுகின்றன. இந்நொதி இல்லாத எலிகளின் இருதயம் எட்டாவது வாரத்திலேயே தடித்து, நார்த்திசு படிந்திருந்தது.

நம்பிக்கை: நொதி நீங்கினால் எலி உடனே நலிந்துபோகும், எல்லாத் திசுக்களும் ஒன்றுபோலவே கெடும்.

உண்மை: 2007-இல் இத்தகைய எலிகளை முதன்முதலாக ஆராய்ந்தவர்கள், மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் அஸிட்டைல் ஏராளமாக ஏறியிருந்தும், சாதாரண நிலைமையில் அவற்றின் வளர்சிதை மாற்றத்தில் குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் தென்படவில்லை என்றே கண்டார்கள். ஆனால் 2010-இல் வேறொரு குழுவினர் அவற்றைப் பட்டினியில் வைத்துப் பார்த்தபோது, ஈரல் கொழுப்பை எரிக்கும் திறன் குன்றியிருந்ததும், குளிரைத் தாங்க மாட்டாமையும் வெளிப்பட்டன. பின்னர் 2016-இல், பெங்களூருவில் சுந்தரேசனும் சிகாகோவில் குப்தாவும் கூடி நடத்திய ஆராய்ச்சி, இந்நொதி இல்லாத எலிகளுக்கு வயது ஏற ஏறப் பல அவயவங்களில் நார்த்திசு மிகுவதைக் காட்டியது: ஜி.எஸ்.கே.-3 பீட்டா என்ற புரதத்தின்மேல் அஸிட்டைல் ஏறி அது முடங்கிப்போக, நார்த்திசுவுக்குரிய ஜீன்களைத் தூண்டும் சைகைகள் தடையின்றி ஓங்குகின்றன. ஆக, ஒரே இழப்பானது ஈரலில் பட்டினியின்போது ஒரு விதமாகவும், முதுமையில் வேறு விதமாகவும் பலிக்கிறது. ஒரு நொதியின் அவசியம் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்பதற்கு அதே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கோவிந்தராஜன் பத்மநாபன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் சாட்சி: எலியைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் ஹீம் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் நொதியை நீக்கியும், அவ்வொட்டுண்ணி எலியின் ரத்தத்தில் செழித்தது, கொசுவின் உடலிலோ வளர்ச்சியை முடிக்க இயலாது போயிற்று.

நம்பிக்கை: நொதியை இழந்த திசுவில் எந்தெந்த ஜீன்களின் செயல் மாறியதோ, அவை யாவும் அந்நொதியின் நேரான ஆளுகைக்கு உட்பட்டவை, மாறாதவை பாதிப்புக்கு உள்ளாகாதவை.

உண்மை: இரு பகுதியும் பிழை. ஜீனின் செயலை அளப்பது பெரும்பாலும் ஆர்.என்.ஏ.யைக் கொண்டு. இருதயத்தில் நார்த்திசு பெருகினால் அதற்குரிய கொலாஜன் ஜீனின் ஆர்.என்.ஏ.யும் மிகுதியாகத் தெரியும். ஆனால் அது ஒவ்வோர் உயிரணுவும் மும்முரமாக வேலை செய்ததன் பலனா, அவ்வகை உயிரணுக்களின் எண்ணிக்கையே கூடியதன் பலனா என்பதைத் திசுவை மொத்தமாக அரைத்து அளந்த கணக்கு சொல்லாது. மறுபுறம், மேலே கூறிய பட்டினி எலிகளின் ஈரலில் கொழுப்பை எரிக்கும் நொதி தளர்ந்தது, அந்நொதியின்மீதே அஸிட்டைல் ஏறியதனால். இத்தகைய கேட்டுக்கு ஆர்.என்.ஏ. அளவு மாற வேண்டிய அவசியமே இல்லை.

நம்பிக்கை: எலியில் இந்நொதி இல்லாமையால் கேடு விளைந்தது, ஆகவே இதை ஊக்குவிக்கும் மாத்திரையை உட்கொண்டால் முதுமை விலகும்.

உண்மை: ஆராயப்பட்ட எலிகள் கருவிலிருந்தே நொதியை முற்றும் இழந்தவை, வயதானவரிடம் காண்பதோ படிப்படியான குறைவு. மேலும், சர்ட்-3 இயங்குவதற்கு என்.ஏ.டி. என்ற பொருள் தேவை என்பதைக் கொண்டு விற்கப்படும் மாத்திரைகள், ஏழு சர்டுயின்களுக்கும், அவை போக வேறு பல நொதிகளுக்கும் பொதுவான பொருளையே கூட்ட முயல்பவை. ஒன்றின் இழப்பால் நேர்ந்ததைக் காட்டி, எல்லாவற்றையும் தூண்டுவது நலம் பயக்கும் என்று வாதிப்பது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

ஆகையால், ஒரு நொதியை நீக்கியதும் ஜீன்கள் மாறின என்ற செய்தியைப் படிக்கும் வாசகர், எந்தத் திசுவில், எந்த வயதில், எவ்வித நெருக்கடியில், ஆர்.என்.ஏ.யை அளந்தா புரதத்தை அளந்தா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு, விடை கிடைத்த அளவுக்கே அதை நம்புவது தகும்.