தற்காப்பு பாவமாகுமா?



ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டும்படி நம் ஆண்டவர் போதித்திருக்க, தன்னைத் தாக்க வருகிறவனை ஒரு கிறிஸ்தவன் எதிர்க்கலாமா? ஞான உபதேச வகுப்பில் சிறுவர்கள் கேட்கிற கேள்வி இது. ஆனால் இதற்குப் பதில் மிகவும் வேண்டியிருப்பது தாய்மாருக்கும் குமரிப் பெண்களுக்கும்தான். "சத்தம் போடாதே, மானம் போய்விடும்" என்று அவர்களைத்தானே நாம் சொல்லி வளர்க்கிறோம்!

சுவிசேஷத்தைச் சற்று உற்று நோக்குங்கள். அன்னாஸ் முன்பாக ஒரு சேவகன் சேசுநாதரை அறைந்தபோது அவர் வாய் மூடி நிற்கவில்லை. ஏன் அடித்தாய் என்று நேராகவே கேட்டார். நாசரேத்தூரார் அவரை மலைமுகட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடப் பார்த்தபோது, அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். தமது வேளை வந்தபோது அவர் தம்மைக் கையளித்தது நம் மீட்புக்கான பலி. சங்கிலித் திருடனுக்கு உங்கள் உயிரைக் கையளிக்கும்படி திருச்சபை உங்களைக் கேட்கவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். உயிரைக் காத்துக்கொள்வது இயல்பான நியாயம். ஆனால் தேவைக்கு மேற்பட்ட பலாத்காரம் தவறு. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவர்களுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமல்ல, பாரமான கடமையுமாகும். பிள்ளையைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. ஆபத்து நேரும் என்று நியாயமாக அஞ்சும் நொடியில் உங்கள் உரிமை தொடங்குகிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிகிறது. விழுந்து கிடப்பவனை மிதிப்பது, ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடிப்பது, பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டி ஊரே மொத்துவது, இவை தற்காப்பு ஆகா. கடைசியில் சொன்னதை நம்மவர்கள் வீரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது குற்றம்.

உயிர்ப்பயம், கற்பழிப்பு முயற்சி, ஆட்கடத்தல், திராவக வீச்சு போன்ற கொடிய தாக்குதல்களில், எதிராளியின் உயிர் போனாலும் சட்டம் காக்கும். 2012-இல் மதுரையில், தன் மகளைக் கெடுக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடிக்க, அவன் இறந்துபோனான். காவல்துறை பழைய சட்டத்தின் 100-ஆம் பிரிவைக் காட்டி அவளை விடுவித்தது. ஆபத்தில் இருப்பவன் தன் அடியைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் பல தீர்ப்புகளில் ஒப்புக்கொண்டுள்ளது.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் குனிந்து கோலம் போடுகிறவளும், அம்மா மண்டபம் சாலையில் தனியே நடக்கிறவரும், நடுச்சாமப் பூசை முடிந்து பாலக்கரையிலிருந்து வீடு திரும்புகிற குடும்பமும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். உங்கள் நோக்கம் ஜெயிப்பதல்ல, தப்பிப்பது. மோட்டார் சைக்கிள் திருடர்கள் பெரும்பாலும் பின்னாலிருந்து வருவார்கள். ஆகையால் வண்டிகளை எதிர்நோக்கி, சாலையின் வலப்புறமாக நடங்கள். கைப்பையைச் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டுங்கள். சங்கிலியைப் பற்றி இழுத்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வண்டியோடு இழுபட்டுத் தலை அடிபட்டால் பவுனைவிடப் பெரிய நஷ்டம். தாலியாயிற்றே என்பீர்கள். தாலி கட்டிய மனிதருக்கு நீங்கள்தான் வேண்டும்.

முன்பின் தெரியாதவன் வழி கேட்கும் சாக்கில் நெருங்கினால், இரண்டு கை நீளம் விலகி நின்று பதில் சொல்லுங்கள். கைகளை மார்புக்கு நேரே, உள்ளங்கை வெளியே தெரிய உயர்த்தி, "அங்கேயே நில்லு!" என்று உரக்கச் சொல்லுங்கள். கூவும்போது "ஐயோ" என்பதோடு நிறுத்தாமல் ஆளைக் குறித்துக் கூவுங்கள்: "பூக்கார அம்மா, இங்கே வாங்க! ஆட்டோ அண்ணே, இவனைப் பிடிங்க!" பொதுவாகக் கூவினால் யாரோ போவார்கள் என்று எல்லாரும் நிற்பார்கள். பெயர் சொல்லாவிட்டாலும் தன்னைக் கூப்பிட்டதாக உணர்கிறவன் ஓடி வருவான்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டானா? பிடியில் பலவீனமான இடம் அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. பின்னுக்கு இழுக்காதீர்கள், அது அவன் பலத்துக்கு எதிரே உங்கள் பலத்தை நிறுத்துவது. ஓரடி அவன் பக்கம் வைத்து, உங்கள் முழங்கையை அவனை நோக்கி மடக்கி, கட்டைவிரல் பக்கமாகச் சட்டென்று உருவுங்கள். கை மட்டுமல்ல, உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் உடனே முழங்கால் மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள். குதிகாலால் அவன் பாதத்தை ஓங்கி மிதித்து, முழங்கையால் விலாவில் இடியுங்கள். கழுத்தைப் பற்றினால் மோவாயை மார்போடு அழுத்தி, அவன் சுண்டுவிரலைப் பிடித்து வளையுங்கள். அடிக்க நேர்ந்தால் முஷ்டி வேண்டாம், விரல் முறியும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கிலோ மோவாயிலோ தாக்குங்கள். பிடி தளர்ந்த கணமே ஓடுங்கள், வெளிச்சமும் ஆட்களும் உள்ள திசையில்.

கத்தியைக் காட்டினால் பணத்தை அவனுக்கு அப்பால் வீசிவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். வெறுங்கையால் கத்தியைப் பறிப்பது சினிமாவில் நடக்கும். ஓட வழியில்லாவிட்டால் பை, குடை, நாற்காலி, எது கிடைத்தாலும் நடுவே பிடியுங்கள்.

நம் சிலம்பம் இதற்கு உதவுமா என்று வாலிபர் கேட்கலாம். நெற்றி உயரக் கம்பைச் சந்தில் சுழற்ற முடியாது. பூசைக்குக் கம்போடு போவாரும் இல்லை. ஆனால் ஆசான் முதலில் பழக்கும் காலடியும் குத்துவரிசையும் நெருக்கத்தில் மிகவும் பயன்படும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். மணிக்கட்டை விடுவிக்கும் வித்தையை மட்டும் இன்று மாலையே வீட்டில் அண்ணன் தங்கை இருபது தரம் பழகலாம். படித்தது அவசரத்தில் மறந்துபோகும், பழகியது மறக்காது.

தப்பித்தபின் 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. கிழிந்த துணியைத் துவைக்காதீர்கள். நகக் கீறலைப் படம் எடுத்து வையுங்கள். ஸ்ரீரங்கத்தில் நடந்ததைக் கோட்டைக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்ப 2024 முதல் அமலிலுள்ள நடைமுறைச் சட்டம் இடந்தராது. முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகவே தருவார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.