படத்தைப் பொருளின்மேல் வீழ்த்தும் முறைகள்

இன்றைய திரைப்படங்களில் நாம் காணும் மாளிகைகளுள் பல, கல்லாலும் சுண்ணத்தாலும் எழுந்தவை அல்ல. கணிப்பொறியில் வெற்று வடிவம் ஒன்றை அமைத்து, அதன்மேல் ஒளிப்படத்தைப் பொருத்திப் பெற்றவை. அவ்வாறு பொருத்தும் முறைகளுள் எதனை எப்போது தேர்வது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலாவது, தையற்காரரின் முறை எனலாம். வடிவத்தின் மேற்பரப்பைத் துண்டுகளாகப் பிரித்துத் தட்டையாக விரித்து, வண்ணம் தீட்டி, மீண்டும் போர்த்துவர். இதற்கு யூவி முறை என்று பெயர். பொருள் எப்பக்கம் திரும்பினும், வளைந்து நெளிந்தாலும் படம் அதனை விட்டு அகலாது. ஆயின் உழைப்பு மிகுதி. தையல்வாய் தெரியாமல் மறைக்கவும் வேண்டும்.

மற்றொன்று கேமரா வீழ்த்தல். பதினோராம் நூற்றாண்டில் அறிஞர் இப்னுல் ஹைதம் ஆராய்ந்த இருட்டறையை நினைவு கொள்வோம். புறத்தே உள்ள ஒளி சிறுதுளை வழியே புகுந்து உள்ளே படமாக விழுகிறது. அவ்வழியையே திருப்பிவிட்டாற் போன்றது இம்முறை. படம் எடுத்த இடத்திலிருந்தே அப்படத்தை வெற்று வடிவத்தின்மேல் எறிவர். வடிவம் சற்றே பிழைபட்டிருந்தாலும், எறிந்த இடத்திலிருந்து நோக்குங்கால் அது தெரியாது. வேலையும் விரைவில் முடியும்.

கேமரா நகரத் தொடங்கியதும் இடர் தொடங்குகிறது. தூணின் முகப்பில் தெளிவாக நின்ற படம், அதன் பக்கவாட்டில் ஈரச்சாயத்தை விரலால் இழுத்தாற்போல் நீள்கிறது. தடுக்குமாறு பணிக்காவிடில், பின்சுவரிலும் அத்தூணே மீண்டும் விழுகிறது. ஒளிப்படத்தில் படிந்த நிழலோ, கதையில் பொழுது மாறினும் மாறுவதில்லை.

இவ்விடரை எதிர்கொண்ட நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பால் டெபெவெக் குழுவினர் 1997-இல் உருவாக்கிய 'கேம்பனிலி மூவி' என்னும் குறும்படம். அவ்வளாகத்து மணிக்கோபுரத்தையும் சூழலையும் பல இடங்களில் நின்று படமெடுத்தனர், பட்டத்தில் கேமராவைக் கட்டியும் எடுத்தனர் (நம் ஊர்ச் சிறுவரும் வியப்பர்!). ஒரே படத்தை நம்பாமல், பார்வை நகருந்தோறும் அதற்கு அண்மையான கோணத்துப் படங்களைக் கலந்து வீழ்த்தினர். 1999-இல் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தின் புகழ்பெற்ற காட்சிகளுக்குரிய பின்னணிகள் இவ்வழியில் அமைந்தவையே.

ஆகவே தொலைவிலுள்ள கட்டடம், சிறிதே நகரும் கேமரா எனில் வீழ்த்தலே போதும் என்பது நம் கருத்து. நடந்து திரும்பும் உருவங்களுக்கு யூவி முறையே ஏற்றது. ஐயம் நேரின், காட்சியின் முதற்சட்டத்தை அன்று, கேமரா மிகத்தொலைவு விலகி நிற்கும் சட்டத்தையே முதலில் சோதிக்க வேண்டும். அங்கே படம் சிறிது இழுபட்டிருப்பின், அந்நிலையிலிருந்தே இரண்டாவது படம் ஒன்றை வீழ்த்தித் திருத்தலாம். நான்கைந்து படங்கள் தேவைப்படுமாயின், வடிவத்தை விரித்துத் தைப்பதே எளிது.